ஜாங்கோவில் ஃபோமிலிருந்து ஃபோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் வார இறுதிப் பைதன் வகுப்புக்கு வருகிறவர்களும் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களும் ஜாங்கோ (பைதனில் வலைத்தளம் கட்டும் ஃபிரேம்வேர்க்) ஃபோம் பற்றிக் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தைத்தான். ஒரு ஃபோமை எழுதி அதிலிருந்து இன்னொன்றை எடுத்தவுடன் ஏதோ ஒன்று காணாமல் போகிறது, அல்லது போகவேண்டியது போகாமல் நிற்கிறது. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துப் போட்டிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணம்: ஒரு டியூட்டரியின் மாணவர் பதிவு. மாணவர் என்று ஒரு மொடல், அதாவது டேட்டாபேஸ் டேபிள் ஒன்றை விவரிக்கும் கிளாஸ். அதில் பெயர், தொலைபேசி, அடையாள_அட்டை, பாடங்கள். அதற்கு மாணவர்ஃபோம் என்று ஒரு மொடல்ஃபோம், அதாவது மொடலைப் பார்த்து ஜாங்கோ ஃபீல்ட்களை உருவாக்கித் தரும் ஃபோம். அடையாள அட்டை எண் பழைய முறையில் ஒன்பது இலக்கமும் வி அல்லது எக்ஸும், 2016 முதல் வந்த புதிய முறையில் பன்னிரண்டு இலக்கம். இரண்டையும் ஏற்க வேண்டும் என்பதால் அந்த ஃபீல்டை மட்டும் ஃபோமுக்குள் கையால் எழுதியிருக்கிறோம். இதிலிருந்து இரண்டு பிள்ளைகள் (எதிலிருந்து எடுக்கிறோமோ அது தாய் கிளாஸ், எடுத்தது பிள்ளை கிளாஸ்): பிரிவு என்ற ஃபீல்டைக் கூடுதலாகக் கேட்கும் உயர்தரஃபோம், தரம் 8 பிள்ளைகளிடம் அடையாள அட்டை இராது என்பதால் அதை விட்டுவிடும் இளையோர்ஃபோம்.

நிரல் பெயர்களை நாம் வாயால் சொல்கிற மாதிரித் தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் வழக்கம்போல் ஆங்கிலத்தில் அடியுங்கள். இனிட் என்றால் இரு பக்கமும் இரட்டை அடிக்கோடு இருக்கும், ஃபோமை அழைத்து உருவாக்கும்போது ஓடும் அந்த மெத்தட். (பைதன் 3 தமிழிலேயே பெயர் வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். அலுவலக நிரலில் மட்டும் செய்துவிடாதீர்கள்.)

1. அக்கா, ஃபோமை இன்ஹெரிட் பண்ணுறது எண்டால் சும்மா பைதன் இன்ஹெரிட்டன்ஸ்தானே? அதில வேற என்ன இருக்கு?

மெத்தட்களைப் பொறுத்தவரை சாதாரணப் பைதன்தான். ஃபீல்ட்கள் வேறு மாதிரி. ஃபோம் கிளாஸ் உருவாகும்போதே ஜாங்கோவின் மெட்டாகிளாஸ் (கிளாஸ்களையே உருவாக்கும் கிளாஸ்) குறுக்கே வந்து, உள்ளே எழுதியிருக்கும் ஃபீல்ட்களையெல்லாம் பொறுக்கி எடுத்து, கிளாஸிலிருந்து அகற்றி, டிக்ளேர்ட்_ஃபீல்ட்ஸ் என்ற டிக்ஷனரியில் போட்டுவிடும். தாய் கிளாஸ்களில் ஏற்கெனவே அப்படிச் சேர்ந்திருப்பவற்றையும் கொண்டுவந்து அதோடு சேர்க்கும். மாணவர்ஃபோம்.அடையாள_அட்டை என்று நேரடியாகக் கேட்டால் அட்ரிபியூட் எரர் வருவது இதனால்தான். ஃபீல்ட் அந்த இடத்தில் இல்லை, டிக்ஷனரிக்குப் போய்விட்டது.

ஒரு ஃபீல்ட் ஃபோமுக்குள் வருவதற்கு மூன்று வழிகள் உண்டு. நீங்கள் கிளாஸுக்குள் கையால் எழுதியது ஒன்று. மெட்டாவில் (எந்த மொடல், எந்த ஃபீல்ட்கள் என்று ஃபோமுக்குள் எழுதும் உள் கிளாஸ்) உள்ள பட்டியலைப் பார்த்து மொடலிலிருந்து ஜாங்கோவே உருவாக்கியது இன்னொன்று. இனிட்டுக்குள் செல்ஃப்.ஃபீல்ட்ஸில் நீங்கள் சேர்த்தது மூன்றாவது. இனி இவற்றை எழுதிய ஃபீல்ட், மொடல் ஃபீல்ட், இனிட் ஃபீல்ட் என்றே சொல்கிறேன். பிரச்சினை வந்தால் நிரலை மாற்ற முதல் இந்த ஃபீல்ட் எந்த வழியால் வந்தது என்று பாருங்கள். வழி தெரிந்தால் மருந்தும் தெரியும்.

2. பிள்ளை ஃபோமுக்கு என்னென்ன ஃபீல்ட் வந்திருக்கு எண்டு எங்க பாக்கிறது? பிரவுசர்ல பார்த்தால் போதாதா?

போதாது. டெம்ப்ளேட்டில் ஃபீல்ட்களை ஒவ்வொன்றாக எழுதியிருந்தால், புதிய ஃபீல்ட் ஃபோமில் ஒழுங்காக இருந்தும் திரையில் வராது. மேனேஜ் கோப்பின் ஷெல்லைத் திறந்து உயர்தரஃபோமின் பேஸ்_ஃபீல்ட்ஸை அச்சிடுங்கள்: எழுதியதும் மொடலிலிருந்து வந்ததும் சேர்ந்த முழுப் பட்டியல் அது. டிக்ளேர்ட்_ஃபீல்ட்ஸை அச்சிட்டால் எழுதியவை மட்டும் வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மொடல் ஃபீல்ட்கள். இனிட் ஃபீல்டைப் பார்க்க, கிளாஸை அழைத்து ஒரு ஃபோமை உருவாக்கி அதன் ஃபீல்ட்ஸைப் பார்க்க வேண்டும்.

எந்தத் தாய் முதலில் வருகிறாள் என்று தெரியவேண்டுமானால் கிளாஸின் எம்ஆர்ஓவை (தாய்களைப் பைதன் தேடும் வரிசை) அச்சிடுங்கள். இந்த மூன்று அச்சும் இல்லாமல் என்னிடம் ஸ்கிரீன்ஷொட் அனுப்பினால் நான் கேட்கப்போகும் முதல் கேள்வியும் இதுதான்.

3. தாயில இருக்கிற ஒரு ஃபீல்ட் பிள்ளைக்கு வேண்டாம். எப்பிடி எடுத்துவிடுறது?

எழுதிய ஃபீல்ட் என்றால் பிள்ளை கிளாஸில் அதே பெயருக்கு நன் (பைதனில் ‘எதுவும் இல்லை’ என்ற மதிப்பு) கொடுங்கள். ஜாங்கோ 1.7இலிருந்து இந்த வழி இருக்கிறது. மொடல் ஃபீல்ட் என்றால் பிள்ளையின் மெட்டாவில் ஃபீல்ட்ஸ் பட்டியலிலிருந்து நீக்குங்கள், அல்லது எக்ஸ்க்ளூடில் போடுங்கள். பயனரைப் பொறுத்து ஒருவருக்குக் காட்டி இன்னொருவருக்கு மறைக்க வேண்டுமென்றால் இனிட்டுக்குள், சூப்பரை (தாயின் அதே மெத்தட்டை) அழைத்த பிறகு, செல்ஃப்.ஃபீல்ட்ஸிலிருந்து பொப் செய்யுங்கள். இந்தக் கடைசி வழி மூன்று வகைக்கும் வேலை செய்யும்.

4. இளையோர்ஃபோமில அடையாள_அட்டைக்கு நன் குடுத்திட்டன். ஆனால் பெட்டி போகுதில்லை! லேபல் மட்டும் மாறி வேற மாதிரி நிக்குது.

இது நிறையப் பேரைக் குழப்பிய இடம். நன் வேலை செய்திருக்கிறது. நீங்கள் கையால் எழுதிய ஃபீல்ட் போய்விட்டது. ஆனால் தாயிடமிருந்து வந்த மெட்டாவின் ஃபீல்ட்ஸ் பட்டியலில் அடையாள_அட்டை இன்னமும் இருக்கிறது. எழுதிய ஃபீல்ட் இருந்தவரை அது மொடல் ஃபீல்டை மூடிக்கொண்டிருந்தது. மூடி போனதும் ஜாங்கோ மொடலைப் பார்த்து புதிதாக ஒன்றை உருவாக்கித் தந்துவிட்டது. லேபல், விட்ஜெட், நீங்கள் வைத்த வாலிடேட்டர் எல்லாம் மாறித் தெரிவது அதனால்தான்.

இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்: கிளாஸில் நன், மெட்டாவில் எக்ஸ்க்ளூட். அதோடு மொடலில் அந்த ஃபீல்ட் வெறுமையாக இருக்கலாம் என்றும் இருக்க வேண்டும். யுனீக் (ஒரே மதிப்பு இரண்டு பதிவில் வரக்கூடாது) என்றும் வைத்திருந்தால் நல் (டேட்டாபேஸில் மதிப்பே இல்லாமை) அனுமதியும் கொடுங்கள், இல்லாவிட்டால் வெற்றுச் சரமே இரண்டாவது மாணவரின் பதிவில் மோதும்.

5. அப்ப எக்ஸ்க்ளூட் மட்டும் போட்டால் போதாதா?

போதாது. எக்ஸ்க்ளூட் மொடல் ஃபீல்டுக்கு மட்டும்தான். எழுதிய ஃபீல்டை அது தொடவே தொடாது. மெட்டா என்ன சொன்னாலும் எழுதியது கடைசியில் மேலே வந்து உட்காரும்.

6. பிள்ளையில மெட்டா எழுதி பிரிவு ஃபீல்டைச் சேர்த்தன். ஃபோமுக்கு மொடலே இல்லை எண்டு வேல்யூ எரர் வருது. தாயிலதான் மொடல் இருக்கே?

இருக்கிறது, ஆனால் நீங்கள் அதை மறைத்துவிட்டீர்கள். ஃபீல்ட்களைப் போல் மெட்டாவை ஜாங்கோ ஒன்றுசேர்ப்பதில்லை. பிள்ளையில் மெட்டா என்று ஒரு கிளாஸ் எழுதினால் அது தாயின் மெட்டாவை முழுதாக மாற்றீடு செய்யும், தாயின் மொடல், விட்ஜெட்ஸ், லேபல்ஸ் எதுவும் வராது. மொடல் வரி இல்லாத மெட்டாவோடு கிளாஸ் சத்தமில்லாமல் உருவாகிவிடும். ஃபோமை அழைக்கும்போதுதான் அந்த எரர். மொடலைப் போட்டு ஃபீல்ட்ஸையும் எக்ஸ்க்ளூடையும் மறந்தால் கோப்பு இம்போர்ட் ஆகும்போதே இம்ப்ரொப்பர்லி கொன்ஃபிகர்ட் என்று நின்றுவிடும்; 1.8இலிருந்து அப்படி.

தீர்வு எளிது. பிள்ளையின் மெட்டாவையும் தாயின் மெட்டாவிலிருந்து எடுங்கள்: மெட்டா என்று எழுதி அடைப்புக்குள் மாணவர்ஃபோம்.மெட்டா. அப்போது நீங்கள் மாற்றி எழுதுவது மட்டும் மாறும், மற்றவை தாயிடமிருந்து வரும். பிள்ளையில் மெட்டாவே எழுதாவிட்டால் தாயின் மெட்டா அப்படியே வந்துவிடும். இரண்டு தாய்கள் இருந்தால் எம்ஆர்ஓவில் முதலில் வருகிறவளுடைய மெட்டா மட்டும்.

மீடியா விஷயத்தில் ஜாங்கோ நேர்மாறாக நடக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபோமுக்குள் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைக் குறிக்கும் மீடியா கிளாஸ் தாயுடையதோடு தானாகவே சேரும். சேரவேண்டாம் என்றால்தான் எக்ஸ்டெண்ட் என்பதற்கு ஃபோல்ஸ் கொடுக்க வேண்டும்.

7. தாயின்ட ஃபீல்ட்ஸ் பட்டியலோட ஒண்டைக் கூட்டப் போனால் டைப் எரர்.

தாயில் டியூப்பிள் என்றால் பிள்ளையிலும் டியூப்பிளைக் கூட்டுங்கள். லிஸ்ட் என்றால் லிஸ்ட். ஒரே ஒரு பெயரைக் கொண்ட டியூப்பிளுக்குப் பின்னால் காற்புள்ளி வேண்டும். காற்புள்ளியை விட்டால் அது வெறும் சரம். ஜாங்கோவே அதைக் கண்டுபிடித்து இதைத்தான் எழுத நினைத்தீர்களா என்று எரரில் கேட்கும். தாயின் பட்டியல் டியூப்பிளாக இருக்க நீங்கள் அந்தச் சரத்தை நேரே அதோடு கூட்டினால், ஜாங்கோ பார்ப்பதற்கு முன்னரே பைதனின் டைப் எரர் முந்திக்கொள்ளும்.

விட்ஜெட்ஸும் லேபல்ஸும் டிக்ஷனரிகள். பிள்ளையின் மெட்டாவில் விட்ஜெட்ஸ் என்று ஒரு புதிய டிக்ஷனரி எழுதினால் தாயின் டிக்ஷனரி முழுதும் போய்விடும். தாயுடையதை இரட்டை நட்சத்திரத்தால் உள்ளே விரித்துவிட்டு அதற்குப் பிறகு உங்கள் வரியை எழுதுங்கள்.

8. மெட்டாவில லேபல் மாத்தினன், ஒரு ஃபீல்டுக்கு மட்டும் மாறுதில்லை.

அது எழுதிய ஃபீல்ட். மெட்டாவின் லேபல்ஸ், விட்ஜெட்ஸ், ஹெல்ப்_டெக்ஸ்ட்ஸ் எல்லாம் ஜாங்கோ மொடலிலிருந்து உருவாக்கும் ஃபீல்ட்களுக்கு மட்டும். மொடலில் உள்ள அதிகபட்ச நீளம், கட்டாயமா இல்லையா என்பவையும் எழுதிய ஃபீல்டுக்கு வராது, நீங்களே எழுத வேண்டும். ஒரு லேபலை மாற்றுவதற்காக முழு ஃபீல்டையும் கையால் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அந்த வேலைக்குத்தான் மெட்டா இருக்கிறது.

9. இனிட் எழுதினவுடனே செல்ஃபுக்கு ஃபீல்ட்ஸ் இல்லை எண்டு சொல்லுது. சூப்பரும் போட்டிருக்கிறனே?

சூப்பரை எந்த வரியில் போட்டிருக்கிறீர்கள்? செல்ஃப்.ஃபீல்ட்ஸ் உருவாவது தாயின் இனிட்டுக்குள்தான். பேஸ்_ஃபீல்ட்ஸை முழுதாகப் பிரதியெடுத்து இந்த ஃபோமுக்கென்று வைப்பது அங்கேதான் நடக்கிறது. ஆகவே முதலில் சூப்பர், பிறகு செல்ஃப்.ஃபீல்ட்ஸ். பிரதி என்பதால் இங்கே எதை மாற்றினாலும் இந்த ஒரு ஃபோமுக்கு மட்டும்தான் மாறும். பயப்படாமல் விட்ஜெட்டின் அட்ரிபியூட்டை மாற்றலாம், குவெரிசெட்டைச் சுருக்கலாம்.

நீங்களே கண்டுபிடித்த ஆர்கியுமென்ட்களுக்கு வரிசை மறுபக்கம். யூசர் என்று ஒன்றை அனுப்பினால் அதை சூப்பருக்கு முன்னரே கீவேர்ட் ஆர்கியுமென்ட்களிலிருந்து பொப் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தாயிடம் போய், எதிர்பாராத கீவேர்ட் என்று எரர் வரும்.

10. சப்மிட் பண்ணினால் எரரும் இல்லை, சேவும் ஆகுதில்லை. அதே பக்கம் திரும்ப வருது. எரர்ஸை அச்சிட்டால் வெறுமை!

இஸ்_வேலிட் ஃபோல்ஸ், எரர்ஸ் வெறுமை என்றால் ஃபோமுக்குத் தரவு போகவே இல்லை. இஸ்_பவுண்டை அச்சிட்டுப் பாருங்கள், ஃபோல்ஸ் என்றுதான் வரும். தரவு போகாத ஃபோமில் சரிபார்ப்பு நடக்காது, அதனால் பிழையும் இராது.

ஏன் போகவில்லை? பெரும்பாலும் பிள்ளையின் இனிட்டில் செல்ஃபுக்கு அடுத்ததாக யூசர்=நன் என்று எழுதியிருப்பார்கள். வியூவில் வழக்கம்போல் முதல் ஆர்கியுமென்டாக ரிக்வெஸ்ட்.போஸ்ட் போகிறது. தாய்க்கு அந்த முதல் இடம் டேட்டாவுடையது. பிள்ளையில் அது யூசருடையதாகிவிட்டது. போஸ்ட் தரவு முழுதும் யூசர் என்ற பெயரில் உள்ளே போய் உட்கார, டேட்டா நன்னாகவே இருக்கும். இனிட்டின் வரிசையை இப்படி மாற்றுங்கள்: முதலில் செல்ஃப், பிறகு ஒற்றை நட்சத்திர ஆர்க்ஸ், அதற்குப் பிறகு யூசர்=நன், கடைசியில் இரட்டை நட்சத்திரம். இப்போது யூசரைப் பெயர் சொல்லித்தான் அனுப்ப முடியும். 9ஆம் பதிலில் சொன்ன பொப்பும் தேவைப்படாது.

இதே அறிகுறி லொகின் பக்கத்தில் வந்தால் பிழை உங்கள் பிள்ளை கிளாஸில் இல்லாமலும் இருக்கலாம். ஜாங்கோவின் ஓதென்டிகேஷன்ஃபோம் முதல் ஆர்கியுமென்டாக ரிக்வெஸ்டைத்தான் எடுக்கும், செட்பாஸ்வேர்ட்ஃபோம் யூசரை எடுக்கும். இவற்றிலிருந்து எடுத்த ஃபோம்களுக்கு எப்போதும் டேட்டா என்று பெயர் சொல்லியே தரவை அனுப்புங்கள்.

11. புது ஃபீல்ட் கடைசியில போய் நிக்குது. பெயருக்குக் கீழ வரவேணும்.

தாயின் ஃபீல்ட்கள் முன்னால், பிள்ளையுடையவை பின்னால், அதுதான் வழக்கம். பிள்ளை கிளாஸில் ஃபீல்ட்_ஓர்டர் என்று ஒரு பட்டியல் வையுங்கள், 1.9இலிருந்து உண்டு. எல்லாவற்றையும் எழுதத் தேவையில்லை, எழுதாதவை பழைய வரிசையில் பின்னால் வரும். தாயின் ஃபீல்டை அதே பெயரில் பிள்ளையில் மறுபடி எழுதினால் அது பழைய இடத்திலேயே நிற்கும், கடைசிக்குப் போகாது. டெம்ப்ளேட்டில் கையால் அடுக்கியிருந்தால் இதில் ஒன்றும் உதவாது.

12. கிளீன் மெத்தட்ல சூப்பரைக் கூப்பிட்டு வாங்கினது நன் எண்டு வருது. ஏன்?

தாயின் கிளீன் எதையும் ரிட்டர்ன் செய்யவில்லை. 1.7க்குப் பிறகு கிளீன் எதையும் திருப்பித்தரத் தேவையில்லை என்பதால் அது பிழையும் அல்ல. சூப்பரை அழையுங்கள், ஆனால் அது தருவதை நம்பாதீர்கள். அடுத்த வரியிலிருந்து செல்ஃப்.கிளீன்ட்_டேட்டாவைப் பயன்படுத்தினால் தாய் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் சரிவரும்.

13. ஒரே அடையாள அட்டை எண்ணை ரெண்டு தரம் போட்டால் முந்தி ஃபோமிலேயே சிவப்பில சொல்லும். இப்ப இன்டெக்ரிட்டி எரரோட முழுப் பக்கமும் விழுது.

உயர்தரஃபோமில் கிளீன் எழுதி சூப்பரை விட்டுவிட்டீர்கள். மொடல்ஃபோமின் கிளீன் பார்வைக்கு ஒன்றும் செய்யாதது போல் இருக்கும். உண்மையில் யுனீக் சரிபார்ப்பு நடக்கவேண்டும் என்று ஒரு கொடியை ட்ரூ ஆக்குவது அதுதான். சூப்பரை அழைக்காவிட்டால் கொடி ஏறாது, சரிபார்ப்பு நடக்காது, ஃபோம் சரி என்று விட்டுவிடும். கடைசியில் டேட்டாபேஸ்தான் தடுக்கும்.

உங்கள் கணினியில் சோதிக்கும்போது இது அகப்படாது, ஏனென்றால் சோதிக்கிறவர் எப்போதும் புது எண்ணைத்தான் அடிப்பார். ஜனவரியில் பதிவு நெருக்கத்தில் ஒரு பிள்ளையை இரண்டு மேசையில் பதியும்போதுதான் வெளியே வரும். கிளீன் எழுதினால் முதல் வரி சூப்பர். கேள்வியே இல்லை.

14. சின்ன வி, பெரிய வி ரெண்டிலயும் ஒரே ஆள் ரெண்டு தரம் பதிவாகியிருக்கு. தாயில அதைச் சரிபண்ணுற நிரல் இருக்கு, நானே பார்த்தன்.

தாயில் கிளீன்_அடையாள_அட்டை என்ற மெத்தட் எழுத்தைப் பெரிதாக்கித் திருப்பித்தருகிறது. உயர்தரஃபோமில் வேறொரு சோதனைக்காக அதே பெயரில் ஒரு மெத்தட் எழுதியிருக்கிறீர்கள். பெயர் ஒன்று, ஆகவே தாயுடையது ஓடாது. இது முழுக்கப் பைதன், ஜாங்கோவைக் குறை சொல்ல முடியாது. உங்கள் மெத்தட்டின் முதல் வரியில் சூப்பரின் கிளீன்_அடையாள_அட்டையை அழைத்து, அது தரும் மதிப்பை வாங்கி, அதன் மேல் உங்கள் சோதனையைச் செய்யுங்கள்.

இங்கே ரிட்டர்ன் கட்டாயம். 12ஆம் பதிலில் சொன்ன சலுகை கிளீனுக்கு மட்டும்தான். ஒரு ஃபீல்டுக்கான கிளீன் மெத்தட் எதையும் திருப்பித்தராவிட்டால் அந்த ஃபீல்டின் மதிப்பு நன்னாகிவிடும், எரரும் வராது.

15. இளையோர்ஃபோமில ஃபீல்டை எடுத்தாச்சு. இப்ப தாயின்ட கிளீன்ல கீ எரர்.

தாயின் கிளீன் கிளீன்ட்_டேட்டாவில் சதுர அடைப்பால் அடையாள_அட்டையை எடுக்கிறது. ஃபீல்ட் இல்லாவிட்டால் அந்தக் கீயும் இல்லை. ஃபீல்ட் இருந்தும் அதன் சரிபார்ப்பு தோற்றிருந்தாலும் கீ இராது, எனவே இது இளையோர்ஃபோமுக்கு முன்னரே இருந்த பிழைதான். யாரும் பிழையான எண் அடித்துப் பார்க்கவில்லை. தாயில் கெட் போட்டு எடுத்து, கிடைத்தால் மட்டும் சோதிக்கும்படி மாற்றுங்கள். கிளீன்_அடையாள_அட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஃபீல்ட் போனால் அந்த மெத்தட்டை யாரும் அழைப்பதில்லை.

16. நாலு ஃபோமுக்கும் பொதுவான முகவரி ஃபீல்ட்களை மிக்ஸினில போட்டன். ஒண்டும் வருதில்லை, எரரும் இல்லை.

மிக்ஸின் (பல கிளாஸ்களில் சேர்க்கவென்று எழுதும் சிறு கிளாஸ்) எதிலிருந்து எடுக்கப்பட்டது? வெறும் கிளாஸ் என்றால் அது உருவானபோது 1ஆம் பதிலில் சொன்ன மெட்டாகிளாஸ் அங்கே இல்லை. ஃபீல்ட்களைப் பொறுக்க ஆளில்லாததால் அவை சாதாரண அட்ரிபியூட்களாகவே கிடக்கும். ஃபீல்ட் உள்ள மிக்ஸினை ஃபோம்ஸ்.ஃபோமிலிருந்து எடுங்கள். கிளீனோ இனிட்டோ மட்டும் உள்ள மிக்ஸின் வெறும் கிளாஸாகவே இருக்கலாம், ஆனால் இடது பக்கம் முதலாவதாக வரவேண்டும். வலது பக்கம் போட்டால் அதன் முறை வராமலே போகும்.

ஃபோம்ஸ்.ஃபோமை முதலில் எழுதி அதிலிருந்து எடுத்த மிக்ஸினை அதற்குப் பிறகு எழுதினால் சீரான எம்ஆர்ஓ அமைக்க முடியாது என்று பைதன் மறுத்துவிடும். தாய்க்கு முன்னால் பிள்ளை வரவேண்டும் என்பது அதன் விதி. மிக்ஸினே ஃபோம் என்பதால் ஃபோம்ஸ்.ஃபோமை மறுபடி எழுதவே தேவையில்லை.

17. ஃபோமையும் மொடல்ஃபோமையும் ஒண்டா இன்ஹெரிட் பண்ணலாமா? மெட்டாகிளாஸ் மோதுது எண்டு எங்கயோ வாசிச்சன்.

பண்ணலாம். மொடல்ஃபோம் எம்ஆர்ஓவில் முதலில் வரட்டும் என்பது ஜாங்கோ ஆவணத்தின் சொல். மோதல் வருவது பைதனின் ஏபிசியை (அப்ஸ்ட்ரக்ட் பேஸ் கிளாஸ்) ஃபோமோடு சேர்க்கும்போது: அதன் மெட்டாகிளாஸ் வேறு, ஃபோமின் மெட்டாகிளாஸ் வேறு, ஒரு கிளாஸுக்கு இரண்டும் பொருந்தாது. பிள்ளை கட்டாயம் எழுதவேண்டிய மெத்தட் என்று காட்டத்தான் ஏபிசி என்றால், தாயின் மெத்தட்டுக்குள் நொட் இம்ப்ளிமென்டட் எரரை எழுப்பினாலே போதும்.

18. புதுப் பாடம் ஒண்டு சேர்த்தன், ட்ரொப்டவுன்ல வருதில்லை. சேர்வரை ரீஸ்டார்ட் பண்ணினால் வருது.

சொய்ஸஸ் பட்டியலைக் கிளாஸுக்குள் டேட்டாபேஸிலிருந்து நேரே எடுத்திருக்கிறீர்கள். அந்த வரி கோப்பு இம்போர்ட் ஆகும்போது ஒருமுறை ஓடும், அவ்வளவுதான். தாயில் ஓடியதையே எல்லாப் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளும். மொடல்சொய்ஸ்ஃபீல்டுக்கு மாற்றுங்கள், குவெரிசெட் ஒவ்வொரு ஃபோமுக்கும் புதிதாக ஓடும். அது முடியாவிட்டால் சொய்ஸஸுக்கு ஒரு ஃபங்ஷனைக் கொடுங்கள், அடைப்புக்குறி போட்டு அழைக்காமல் பெயரை மட்டும். புதிதாகச் சேர்ந்தவர் வெறும் டேட்டாபேஸில் மைக்ரேட் செய்யும்போது டேபிள் இல்லை என்று விழுவதற்கும் இதே வரிதான் பெரும்பாலும் காரணம்.

19. சைட்டைச் சிங்களத்துக்கு மாத்தினாலும் ஃபோம் லேபல் மட்டும் தமிழிலயே நிக்குது.

அதே நோய். மூன்று மொழியிலும் சைட் கேட்காத வாடிக்கையாளர் கொழும்பில் குறைவு, அதனால் இந்தக் கேள்வியும் ஓயாது. லேபலில் கெட்டெக்ஸ்ட் போட்டிருந்தால் இம்போர்ட் நேரத்து மொழியிலேயே உறைந்துவிடும். கெட்டெக்ஸ்ட்_லேசி போடுங்கள், பக்கம் வரையும் நேரத்தில் மொழிபெயர்க்கும். தாயில் ஒருமுறை மாற்றினால் போதும். ஆனால் பிள்ளையில் அந்த லேபலை இன்னொரு சொல்லோடு கூட்டல் குறியாலோ எஃப் சரத்தாலோ ஒட்டினால் லேசித்தனம் அங்கேயே போய்விடும்.

20. யூசர்கிரியேஷன்ஃபோமை எடுத்தன். ஓத் யூசர் மாற்றப்பட்டுவிட்டது, மேனேஜர் இல்லை எண்டு வருது.

உங்கள் செயலிக்கென்று சொந்த யூசர் மொடல் வைத்திருக்கிறீர்கள். ஜாங்கோவின் ஃபோமில் உள்ள மெட்டா இன்னும் அதன் சொந்த யூசரைப் பார்க்கிறது. 6ஆம் பதில்தான் இங்கேயும்: மெட்டாவை யூசர்கிரியேஷன்ஃபோம்.மெட்டாவிலிருந்து எடுத்து, மொடலுக்கு உங்கள் யூசரைக் கொடுத்து, ஃபீல்ட்ஸில் வேண்டியதைக் கூட்டுங்கள். தாயின் பட்டியல் டியூப்பிள், 7ஐப் பாருங்கள். இரண்டு பாஸ்வேர்ட் பெட்டிகளும் எழுதிய ஃபீல்ட்கள் என்பதால் பட்டியலில் இல்லாமலே வரும். யூசர்சேஞ்ச்ஃபோமுக்கும் இதே சிகிச்சை. லொகின், பாஸ்வேர்ட் மாற்றும் ஃபோம்களுக்கு இது தேவையில்லை.

21. ஃபோம் வெளியில நல்லா வேலை செய்யுது. அட்மினில போட்டால் ஒரு ஃபீல்டைக் காணேல்ல.

அது இனிட் ஃபீல்டா? அட்மின் எதைக் காட்டுவது என்று பேஸ்_ஃபீல்ட்ஸைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது; இனிட்டில் சேர்ப்பது அதில் இல்லை. ஃபீல்ட்செட்ஸில் பெயரை எழுதி வற்புறுத்தினால் தெரியாத ஃபீல்ட் என்று எரர் தரும். கிளாஸில் எழுதிவிட்டு, வேண்டாத இடத்தில் இனிட்டில் பொப் செய்யுங்கள். யூசர்அட்மின் என்றால் கதை வேறு. அதன் ஃபீல்ட்செட்ஸும் ஆட்_ஃபீல்ட்செட்ஸும் ஏற்கெனவே எழுதப்பட்டவை, உங்கள் ஃபீல்டை அவற்றிலும் சேர்க்க வேண்டும்.

22. எத்தனை தலைமுறை வரைக்கும் எடுக்கலாம் அக்கா? எங்கட புரொஜெக்ட்ல அஞ்சு அடுக்கு இருக்கு.

பைதனுக்கு எல்லை இல்லை, வாசிக்கிறவருக்கு உண்டு. என் கணக்கில் தாய், பிள்ளை, அதோடு ஒரு மிக்ஸின். பேரப்பிள்ளை வந்தால் ஃபீல்ட் எங்கே எழுதப்பட்டது என்று தேடவே நேரம் போகும். பிள்ளையில் நன் வரிகள் கூடிக்கொண்டு போனால் தாய்க்குள் அதிகம் திணித்திருக்கிறோம் என்று அர்த்தம். எல்லாருக்கும் பொதுவானதை மட்டும் தாயில் விட்டு, அடையாள அட்டையை அது தேவைப்படும் பிள்ளைக்கு இறக்குங்கள். அந்த ஐந்து அடுக்கையும் ஒரே நாளில் பிரிக்கவேண்டாம். டெஸ்ட் எழுதிவிட்டு ஒவ்வொன்றாக.

23. பிள்ளையில மாத்தினது தாயையும் மாத்திட்டுது. அதுவும் எப்பவும் இல்லை, சில நேரம் மட்டும்!

இரண்டு இடத்தைத் தேடுங்கள். ஒன்று, தாயின் மெட்டாவில் ஃபீல்ட்ஸ் ஒரு லிஸ்டாக இருந்து, யாரோ அதில் அப்பெண்ட் செய்திருப்பது. புது லிஸ்ட் உருவாகாமல் தாயின் லிஸ்டே நீளும். தாய் கிளாஸ் அந்த நேரம் உருவாகி முடிந்திருந்தால் தாய் தப்பிக்கும், அதற்குப் பிறகு அந்த மெட்டாவிலிருந்து உருவாகும் மற்றப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும். கூட்டல் குறியால் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள்.

மற்றது, இனிட்டிலோ வியூவிலோ செல்ஃப்.ஃபீல்ட்ஸுக்குப் பதில் பேஸ்_ஃபீல்ட்ஸைத் தொட்டிருப்பது. 9ஆம் பதிலில் சொன்ன பிரதி செல்ஃப்.ஃபீல்ட்ஸ், பேஸ்_ஃபீல்ட்ஸ் கிளாஸின் சொத்து. பிள்ளையின் பேஸ்_ஃபீல்ட்ஸில் இருக்கும் எழுதிய ஃபீல்ட், தாயில் இருக்கும் அதே பொருள்தான். அதன் லேபலையோ ரிக்வயர்டையோ மாற்றினால் தாயிலும் மாறும். சில நேரம் மட்டும் தெரிவதற்குக் காரணம், சேர்வரில் குனிகோர்ன் போன்ற ஒன்றின் கீழ் பல வேர்க்கர்கள் தனித்தனிப் புரொசஸாக ஓடுவது. மாற்றம் நடந்த வேர்க்கரிடம் போகும் கோரிக்கைக்கு மாறிய ஃபோம், மற்றவற்றுக்குப் பழைய ஃபோம். உங்கள் கணினியில் பெரும்பாலும் ஒரே புரொசஸ் என்பதால் அங்கே ஒருமுறை மாறினால் ரீஸ்டார்ட் வரை மாறியபடியே நிற்கும். நிரல் முழுவதும் பேஸ்_ஃபீல்ட்ஸ் என்று தேடுங்கள். வாசிக்கும் இடங்களை விட்டுவிட்டு, எழுதும் இடங்களையெல்லாம் இனிட்டுக்குள் செல்ஃப்.ஃபீல்ட்ஸுக்கு மாற்றுங்கள்.